கை கழுவாத புள்ளிகள்

எனக்குத் திறமை உண்டு என்று நானே சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் கிடையாது. வேறு யாரும் சொல்லாத காலத்தில் எனக்கு நானே சொல்லிப் பழகிவிட்டது. எண்பதுகளின் நடுவில், மலேசியாவில் ஈப்போவை ஒட்டிய ஜெலாப்பாங்கில் ஒரு மின்னணுத் தொழிற்சாலை என்னைக் கணினி அறை வேலைக்கு எடுத்தது. கணினி அறை என்றதும் பெரிதாக எதையும் நினைத்துவிட வேண்டாம். எந்த லைனில் எவ்வளவு சாமான் முடிந்தது என்று எழுதி வரும் தாள்களைப் பார்த்து எண்களைத் தட்டி உள்ளே ஏற்றுவதுதான் என் வேலை. ஈப்போவில் ஒரு கடைவீட்டு மாடியில் நடந்த வகுப்பில் நிரல் எழுதப் படித்து முதல் ஆளாகத் தேறியவள் நான். அதை விசாரிக்க அங்கே ஒருவருக்கும் நேரமில்லை.

அதே தொழிற்சாலையில் கீழே, லைனில், என் அக்கா வேலை பார்த்தாள். நாங்கள் தஞ்சோங் ரம்புத்தான் பக்கத்து ரப்பர் தோட்டத்துப் பிள்ளைகள். தோட்டம் கைமாறி, மரங்களைச் சாய்த்து, வீடு கட்ட நிலத்தைச் சமன் செய்யத் தொடங்கியபோது, பால் வெட்டிக்கொண்டிருந்த பெண்களில் பாதிப் பேர் தொழிற்சாலை பஸ்ஸில் ஏறினார்கள். அக்காவும் ஏறினாள். விடிவதற்கு முன்பே, தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்துப் பழகியவள் அவள். தோட்டத்தில் இருந்த காலம் முழுவதும் அவள் பிந்தி வந்து யாரும் பார்த்ததில்லை. பஸ்ஸுக்கும் அப்படித்தான். நான் தலை வாரி முடிப்பதற்குள் சாலையோரம் போய் நின்றுகொண்டு, "வாரியா, இல்ல நான் போவட்டா?" என்று அங்கிருந்தே சத்தம் போடுவாள்.

அப்படிப்பட்டவளுக்குத் தாமதம் என்று எச்சரிக்கைக் கடிதம் வந்தது. ஒன்று வந்து, சில வாரங்களில் இன்னொன்றும் வந்தது.

காலையில் வருவதற்கல்ல. மத்தியானச் சாப்பாட்டு இடைவேளைக்குப் பிறகு லைனுக்குத் திரும்புவதற்கு. சங்கு ஊதினால் எல்லாரும் கேண்டீனுக்குப் போவார்கள், மறுபடி ஊதும்போது எல்லாரும் அவரவர் நாற்காலியில் இருக்க வேண்டும். ஒரு நாற்காலி காலியாக இருந்தாலும் லைன் ஓடாது, ஏனென்றால் சாமான் கைமாறிக் கைமாறித்தான் நகரும். நாளாக ஆகக் காலி நாற்காலிகள் கூடிக்கொண்டே வந்தன. பிந்தி வருகிற ஒவ்வொருவருக்கும் கடிதம் கொடுத்தார்கள். மூன்றாவது கடிதம் வந்தால் வீட்டுக்குப் போகலாம். அடுத்த கடிதங்களில் ஜப்பானிலிருந்து வந்திருந்த மேனேஜர் அந்த வார வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் கையெழுத்துப் போடப்போகிறார் என்று பேச்சு அடிபட்டது. அக்கா அந்த வாரமும் பிந்தியிருந்தாள்.

லைன் சூப்பர்வைசர் ஈப்போ டவுன்காரர், தமிழர்தான். அவர் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி ஒரு விளக்கம் வைத்திருந்தார். "சீனப் பொண்ணுங்கலாம் நேரத்துக்கு வந்துருதுங்க. நம்ம எஸ்டேட்டுப் பொண்ணுங்களும் மலாய்க்காரப் பொண்ணுங்களும் உக்காந்து கதை பேசிக்கிட்டு இருக்குதுங்க. பெரட்டுக் கங்காணி இல்லல்ல, அதான் ஆட்டம்." இதைக் கேட்டபோது எனக்குக் காது சூடாகிவிட்டது. என் அக்கா சாப்பிடும்போது வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசமாட்டாள். தட்டு காலியாகும்வரை எதிரில் ஆள் இருப்பதே அவளுக்குத் தெரியாது.

ஏன் தாமதம் என்று பஸ்ஸில் அவளிடமே கேட்டேன். "ஏன்க்கா லம்பாட் ஆவுது?"

"கூட்டம்லா," என்றாள். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவமானம் அவளை அரித்துக்கொண்டிருந்தது. அதற்கு மேல் கேட்டால் என் மேல்தான் விழுவாள்.

கூட்டம் என்றால் கேண்டீனுக்குள் இருக்கும் சாப்பாட்டுக் கடைகளின் முன்னால் என்று நானாக முடிவு செய்துகொண்டேன். நான் லைன்காரர்களின் கேண்டீனைச் சரியாகப் பார்த்தவளல்ல. ஆபீஸ் ஆட்களுக்கு மேலேயே ஒரு சின்ன சாப்பாட்டு அறை, அதற்குத் தனி நேரம், தனிக் குழாய். சூப்பர்வைசரும் எங்களோடு அங்கேதான் சாப்பிடுவார்.

கணினி வகுப்பில் நான் ஒரு பயிற்சி செய்திருந்தேன். வங்கியில் வரிசை நிற்கிற ஆட்களைக் கணினிக்குள்ளேயே நடமாட விடுவது. ஒவ்வோர் ஆளுக்கும் இன்ன சூழ்நிலையில் இன்னது செய் என்று நாலைந்து விதிகள் மட்டும் கொடுப்போம். மொத்தக் கூட்டமும் எப்படிப் போகவேண்டும் என்று யாரும் சொல்வதில்லை. அவரவர் தன் விதிப்படி நடக்க, கூட்டம் தானாக ஓர் உருவம் எடுக்கும். எனக்கு அது பிடித்துப்போயிருந்தது, ஏனென்றால் அதில் யாரும் வெறும் எண் இல்லை. அதே மாதிரி எங்கள் கேண்டீனையும் கட்டிவிட்டால் அடைப்பு எங்கே என்று தெரிந்துவிடும், அக்கா மேல் தப்பில்லை என்று நிரூபித்துவிடலாம் என்று தோன்றியது.

அலுவலகத் தலைவராக யாழ்ப்பாணத்துக் குடும்பத்திலிருந்து வந்த ஒருவர் இருந்தார். வெள்ளைச் சட்டை, எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை, குரலை உயர்த்தவே மாட்டார். நாங்கள் சார் என்போம். அவரிடம் போய் அனுமதி கேட்டேன்.

"இதென்ன விளையாட்டு பிள்ளை?" என்றார்.

"விளையாட்டு இல்ல சார். கேண்டீன எங்க பெருசு பண்ணணும்னு கண்டுபிடிக்கலாம்."

"சரி, செய்து பாரும். ஆனா உம்மட வேலை பிந்தக்கூடாது."

வேலையை முடித்துவிட்டுக் கிடைத்த நேரமெல்லாம் எழுதினேன். ஒவ்வொரு பெண்ணும் ஓர் ஆள். சங்கு ஊதினால் லைனை விட்டுக் கிளம்பு. உன் கடைக்குப் போ, மலாய்ச் சாப்பாடோ சீனச் சாப்பாடோ நம் சாப்பாடோ. வரிசையில் நில். தட்டை வாங்கு. உன் கூட்டாளிகள் எங்கே என்று பார்த்து அங்கே போய் உட்கார். சாப்பிடு. தட்டை வைத்துவிட்டு லைனுக்குத் திரும்பு. இவ்வளவுதான். யார் யார் எந்தக் கடையில் வாங்குவார்கள், யார் யாரோடு உட்காருவார்கள் என்பதையெல்லாம் பஸ்ஸில் பெண்களிடம் கேட்டுக்கேட்டு எழுதினேன். தொல்லை தாங்காமல் ஒருத்தி, "என்ன, எனக்கு மாப்பிள பாக்குறியா?" என்று கேட்டாள்.

ஓடவிட்டேன். அச்சு இயந்திரம் கிர்ரென்று தாளைத் துப்பியது. பார்த்தேன். கடைகளின் முன்னால் கூட்டமே இல்லை. எல்லாப் பெண்களும் சங்கு ஊதுவதற்கு முன்பே திரும்பிவிட்டார்கள், கைவசம் நேரமும் வைத்துக்கொண்டு.

அக்காவைக் காப்பாற்றக் கட்டிய கேண்டீன் அவளுக்கு எதிராகவே சாட்சி சொன்னது. கடையில் அடைப்பு இல்லையென்றால், மிச்ச நேரமெல்லாம் பெண்கள் கதைதான் பேசியிருக்க வேண்டும்.

சார் தாளை மேலும் கீழும் படித்தார். "உம்மட கணக்கும் சூப்பர்வைசர் சொல்லுறதத்தானே பிள்ளை சொல்லுது," என்றார். குரலில் வருத்தம் இருந்தது, ஆனால் அவர் சொன்னது உண்மை. இது எப்படியோ சூப்பர்வைசர் காதுக்குப் போய், அவர் சிரித்த முகமாக என் மேசைக்கே வந்துவிட்டார்.

"அந்தப் பேப்பர் ஒன்னு எனக்குக் குடுலா. கூட்டத்துல காட்டுறேன். கம்ப்யூட்டரே சொல்லிருச்சு பாத்தியா."

"இன்னும் முடியல. கூட்டத்துல நானே காட்டுறேன்," என்றேன். எதைக் காட்டப்போகிறேன் என்று எனக்கே தெரியாது. வாய் முந்திக்கொண்டது.

எண்களைத் திரும்பத் திரும்பப் பார்த்ததில் ஒன்றும் பிடிபடவில்லை. தாளில் ஒவ்வொரு எண்ணும் ஒழுங்காகத்தான் இருந்தது. கூட்டத்தைக் கண்ணால் பார்த்தால்தான் புரியும் என்று தோன்றியது. அலுவலகத்துக்கு அப்போதுதான் கலர் திரையோடு ஒரு புதுக் கணினி வந்திருந்தது. முதலில் நானே ஒவ்வொரு ஆளையும் புள்ளியாக வரையப் பார்த்தேன். பழைய இடத்தில் அழி, புது இடத்தில் வரை, அடுத்த ஆளுக்குப் போ என்று ஒவ்வொன்றுக்கும் உத்தரவு எழுதினேன். பாதிப் புள்ளிகள் அழியாமல் நத்தை போன தடம் மாதிரி இழுத்துக்கொண்டு நின்றன. திரை சிமிட்டிச் சிமிட்டிக் கண் வலித்தது. எங்கே எதை அழிக்க மறந்தேன் என்று தேடுவதற்கே பொழுது போயிற்று.

அந்தக் கணினி வந்த பெட்டிக்குள் யாரும் பிரிக்காத ஒரு வட்டு கிடந்தது. படம் வரைவதற்கென்றே எழுதிவைத்த நிரல்களின் தொகுப்பு. கூடவே ஒரு மெலிந்த ஆங்கிலக் கையேடு. சார் அதை அலமாரியில் போட்டுவைத்திருந்தார். கேட்டு வாங்கிக்கொண்டு பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் அந்தக் கையேட்டையே படித்தேன். பக்கத்தில் அக்கா, நான் ஏதோ பரீட்சைக்குப் படிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, மற்றவர்களைச் சத்தம் போடாமல் இருக்கச் சொன்னாள்.

அந்தத் தொகுப்பை எழுதியவன் யாராக இருந்தாலும் அவன் நன்றாக இருக்க வேண்டும். எதையும் வரை என்று நான் சொல்லத் தேவையே இல்லை. ஆளை உண்டாக்கும்போது ஒரே ஒரு தடவை, இந்த ஆளுக்கு இந்த நிறம், இந்த வடிவம், இவள் இருக்கும் இடம் கணினி நினைவகத்தின் இந்தப் பெட்டியில் எழுதியிருக்கும் என்று காட்டிவிட்டால் போதும். அதன் பிறகு அவள் நகர்ந்தால் புள்ளியும் நகரும். வெளியே போனால் புள்ளியும் மறையும். அடுத்த படத்தை நம் கண்ணுக்குத் தெரியாமல் பின்னால் முழுசாக வரைந்து முடித்துவிட்டு, சட்டென்று முன்னால் கொண்டுவந்து வைக்கும், அதனால் சிமிட்டலும் இல்லை. நான் மண்டையை உடைத்துக்கொண்டு எழுதிய வரைகிற வரிகள் எல்லாவற்றையும் வெட்டி எறிந்தேன். நிரல் பாதியாக இளைத்துவிட்டது. அவர்கள் வாழ்வது என் பாடு, வரைவது அதன் பாடு.

முதல் தடவை ஓடவிட்டபோது நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். கறுப்புத் திரையில் சங்கு ஊதியது. லைன்களிலிருந்து புள்ளிகள் கிளம்பின. கையால் சாப்பிடும் மலாய், தமிழ்ப் பெண்களுக்குச் சிவப்பும், கரண்டியாலும் குச்சியாலும் சாப்பிடும் சீனப் பெண்களுக்கு நீலமும் கொடுத்திருந்தேன். திரையில் நிறம் கலந்து அழகாக இருக்கட்டும் என்றுதான் அப்படிக் கொடுத்தேன், வேறு காரணம் இல்லை. வாசலில் நெருக்கியடித்தன, பிரிந்தன, கடைக்குக் கடை போய் நின்றன. ஒரு சிவப்புப் புள்ளி தட்டை வாங்கிக்கொண்டு கூட்டாளிகளைத் தேடி அங்குமிங்கும் அலைந்து, கண்டுபிடித்து, பக்கத்தில் போய் உட்கார்ந்தது. நான் அதற்கு வழி சொல்லவே இல்லை. தானாகத் தேடிப் போனது. அறையில் வேறு யாராவது இருந்திருந்தால் அவர்களைக் கட்டிப்பிடித்திருப்பேன்.

ஆனால் முடிவு மாறவில்லை. சிவப்பும் நீலமும் எல்லாம் நேரத்துக்குத் திரும்பின. மறுபடி ஓடவிட்டேன். மறுபடியும் அப்படித்தான். எங்கேயோ பொய் இருக்கிறது என்று தெரிந்தது, அது எங்கே என்று தெரியவில்லை. எரிச்சலில், புள்ளிகள் ஓடிக்கொண்டே இருக்கட்டும் என்று விட்டுவிட்டு, மேசை மேல் இருந்த நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தேன். பிரித்தவள் அப்படியே மூடிவைத்துவிட்டு எழுந்து போய்க் கை கழுவிவிட்டு வந்தேன்.

ஈரக் கையை உதறிக்கொண்டே திரையைப் பார்த்தேன். ஒரு சிவப்புப் புள்ளி தட்டை வாங்கி, நேராகப் போய் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தது. சீ என்று வந்தது எனக்கு. ஒரு புள்ளியைப் பார்த்து முகம் சுளிப்பேன் என்று நான் நினைத்ததில்லை. கைகூடக் கழுவாமல் என்ன அவசரம் இதற்கு?

அப்போதுதான் உறைத்தது. அப்படியே ஈரக் கையோடு உட்கார்ந்துவிட்டேன். ஒரு புள்ளிகூடக் கை கழுவவில்லை. சாப்பிடுமுன்னும் இல்லை, பின்னும் இல்லை. நான் எழுதிய விதிகளில் குழாய் என்று ஒன்று கிடையாது. கரண்டியில் சாப்பிடுகிறவர் அதை மறந்தால் நியாயம் உண்டு. பிறந்ததிலிருந்து கையால் சாப்பிடுகிற நான் மறந்திருந்தேன், கேட்டுக்கேட்டு எழுதியபோது பதில் சொன்ன அத்தனை பெண்களும் மறந்திருந்தார்கள். மூச்சு விடுவதை யாரும் ஒரு வேலையாக எழுதிவைப்பதில்லை. எங்களுக்குக் கை கழுவுவதும் அப்படித்தான்.

நாசி லெமாக்கைத் தொடவில்லை. நேராகக் கீழே கேண்டீனுக்கு இறங்கிப் போனேன். கடைசி மூலையில், கழிவறைக்குப் போகிற வழியில், ஒரு தொட்டி. அதில் இரண்டு குழாய். ஒன்றில் தண்ணீர் நூல் மாதிரி வந்துகொண்டிருந்தது. இரண்டுக்கும் சேர்த்து ஒரே சவர்க்காரக் கட்டி, கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். கட்டடத்துக்கு வரைபடம் போட்டவர் அதைப் பாத்திரம் அலசுவதற்கென்று வைத்திருப்பார் போல. சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது.

சிவப்புப் புள்ளிகளுக்கு மட்டும் இரண்டு விதி சேர்த்தேன். உட்காருமுன் குழாய்க்குப் போ. சாப்பிட்டு முடித்ததும் மறுபடி போ. திரையின் மூலையில் தொட்டியை வைத்தேன். படத்துக்கென்று வேறு ஒரு வரிகூட எழுதவில்லை. ஓடவிட்டேன்.

கழுவப் போகிறவர்களும், கழுவிவிட்டு வருகிறவர்களும், சாப்பிட்டு முடித்து மறுபடி கழுவ வந்தவர்களும் அந்த மூலையில் ஒருவர்மேல் ஒருவர் முட்டிக்கொண்டு நின்றார்கள். திரையின் அந்த மூலை சிவப்பாக வீங்கியது. நீலம் ஒன்றுவிடாமல் லைனுக்குப் போய்விட்டது. சங்கு ஊதியது. சிவப்பு இன்னும் குழாயடியில் நின்றது.

வெள்ளிக்கிழமை கூட்டத்தைக் கணினி அறையில் வைக்கும்படி சாரைக் கெஞ்சிக் கேட்டு வாங்கினேன். மேனேஜர் வந்தார், சூப்பர்வைசர் வந்தார், சார் கதவோரம் நின்றார். கையெழுத்துக்கான கடிதங்கள் சூப்பர்வைசரின் கையில் இருந்தன. அக்காவின் பெயர் மேலேயே தெரிந்தது. நான் விசையைத் தட்டினேன்.

சூப்பர்வைசர் முதலில் சிரித்தார். "என்னலா இது, வீடியோ கேமா?"

மேனேஜர் சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுத் திரைக்கு எதிரே உட்கார்ந்தார். சிவப்பு ஏன் அங்கே நிற்கிறது என்று ஆங்கிலத்தில் கேட்டார். கையால் சாப்பிடுகிறவர்கள் ஒவ்வொருவரும் இரண்டு தடவை கை கழுவ வேண்டும், இருப்பது இரண்டு குழாய் என்று சொன்னேன். அவர் தன் கையை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். பிறகு, குழாய் கூடினால் என்ன ஆகும் என்று கேட்டார். இந்தக் கேள்விக்குத்தான் நான் காத்திருந்தேன். எண்ணை மாற்றி மறுபடி ஓடவிட்டேன். மூலையில் வீக்கம் வற்றியது. சிவப்பும் நீலமும் கலந்து லைனுக்குத் திரும்பின. கடைசிப் புள்ளி உட்கார்ந்த பிறகுதான் சங்கு ஊதியது.

"இதெல்லாம் கம்ப்யூட்டர் படம். அங்க போயி பாத்தா கதைதான் பேசிக்கிட்டு இருப்பாளுங்க," என்றார் சூப்பர்வைசர். அதை ஆங்கிலத்திலும் சொன்னார்.

"அப்ப போய்ப் பாப்பம்," என்றார் சார். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

இடைவேளைக்குச் சங்கு ஊதியபோது மூன்று பேரும் கேண்டீனில், குழாய்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றிருந்தார்கள். நான் கண்ணாடி ஜன்னல் வழியாக மேலிருந்து பார்த்தேன். என் திரையில் நடந்தது அப்படியே நடந்தது. பெண்கள் பேசவில்லை. குழம்பு காய்ந்த கையை உடம்பில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கடிகாரத்தையும் குழாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மேனேஜர் சூப்பர்வைசரிடம் கையை நீட்டினார். அவர் கொடுத்த கடிதங்களை வாங்கி, நடுவில் கிழித்து, மடித்துத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். சார் மேலே நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் ஜன்னலுக்குப் பின்னால் துள்ளியதை அவர் பார்த்திருக்கலாம். பார்த்தால் பார்க்கட்டும்.

அடுத்த வாரமே ஆட்கள் வந்து கேண்டீன் சுவர் நீளத்துக்கும் தொட்டி கட்டிக் குழாய்களை வரிசையாகப் பொருத்தினார்கள். பழைய எச்சரிக்கைகளும் ரத்து என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். எண் தட்டுகிற வேலைக்கு வேறொரு பெண்ணை எடுத்து, நிரல் எழுதும் மேசைக்கு என்னை மாற்றினார்கள். சூப்பர்வைசர் மட்டும் கொஞ்ச நாள் என்னைக் கண்டால் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு போவார். பார்த்தால் நான் சிரித்துவிடுவேன் என்று அவருக்குத் தெரியும்.

அக்காவுக்கு நான் செய்தது எதுவும் முழுசாகப் புரியவில்லை. ஒருநாள் இடைவேளையில், சாப்பிட்டு முடித்துக் கையில் நேரம் மிஞ்சியிருந்தபோது, சாரிடம் சொல்லிவிட்டு அவளை மேலே கூட்டி வந்தேன். செருப்பை வெளியே கழற்றிவிட்டு, ஏதோ கோயிலுக்குள் வருகிறமாதிரி வந்தாள். இரண்டே குழாய் இருந்த பழைய ஓட்டத்தைப் போட்டுக் காட்டினேன். சிவப்பெல்லாம் நீங்கள்தான் என்றேன். அவள் குனிந்து பார்த்தாள். மூலை சிவந்து வீங்கியது, பிறகு புள்ளிகள் ஒவ்வொன்றாகக் கழன்று போயின. சங்கும் ஊதியாயிற்று. கடைசியில் தொட்டிக்கு முன்னால் ஒரே ஒரு புள்ளி நின்றது.

"இது நானு," என்றாள் அக்கா.

"எப்படிக்கா சொல்றே?"

"எப்பவும் நான்தானே கடைசி. பக்கத்து லைன்ல வயித்துப்புள்ளைக்காரி ஒருத்தி, அவளால நிக்க முடியாது. புதுசா வந்த புள்ளைங்களுக்கு வேற ஏற்கெனவே ஒரு கடிதம் ஆயிருச்சுன்னு பயம். அதுங்கள விட்டுட்டு நான் எப்படிப் போயி கழுவுறது? முன்னாடி போங்கடின்னு விட்டுருவேன்."

அந்த விதியை நான் எழுதவில்லை. எந்தப் புள்ளிக்கும் எழுதவில்லை. அங்கே யாரோ ஒருத்தி கடைசியாக நிற்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான். அக்கா இரண்டு கடிதங்களையும் தெரிந்தே வாங்கியிருக்கிறாள், வாயே திறக்காமல். இத்தனை நாளும் நான்தான் கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"இனிமே யாரையும் முன்னாடி விட வேணாம்லாக்கா," என்றேன். "குழாய் நிறைய இருக்கு."

"ஆமாலா," என்று சிரித்தாள். பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, செருப்பைக் காலில் மாட்டிக்கொண்டு படியிறங்கி ஓடினாள். நான் லைன் பக்கத்து ஜன்னலுக்குப் போய் நின்றேன். சங்கு ஊதுவதற்கு இன்னும் நேரம் இருந்தது. லைன் முழுவதும் காலியாகக் கிடந்தது. அக்கா முதல் ஆளாகப் போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்தாள்.